விழுங்கினால் மட்டும் போதுமா? – பெர்னாட்ஷாவின் மருத்துவ நாடகம் பற்றி

பெர்னாட்ஷா என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? நீண்ட வெண்தாடி, குத்தலான பேச்சு, 'பிக்மேலியன்' நாடகம் ஆகியவையாகத்தான் இருக்கும். அதே ஷா, இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களை மையமாக வைத்தும் ஒரு நாடகம் எழுதியிருக்கிறார் என்றால் வியப்படைவீர்கள்.

1906ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள், லண்டன் மாநகரின் ராயல் கோர்ட் அரங்கில் 'தி டாக்டர்ஸ் டிலெமா' என்னும் நாடகம் முதன்முதலாக மேடையேறியது. 'டாக்டரின் தர்மசங்கடம்' என்று அதனை நாம் தமிழில் சொல்லலாம். அதில் மருத்துவர்கள் பலர் வருகிறார்கள். ஓர் ஓவியன் வருகிறான். அவனுடைய அழகிய மனைவி வருகிறாள். ஆனால் மேடையில் தோன்றாமலேயே இவர்கள் அனைவரையும் ஆட்டிவைக்கும் பாத்திரம் ஒன்று உண்டு. பாக்டீரியாக்களைப் பிடித்து விழுங்கும் வெள்ளணுதான் அது.

இந்நாடகத்தின் உரையாடல் அழகையும் பாத்திரப் படைப்பையும் இலக்கிய விமர்சகர்கள் நிரம்ப எழுதிவிட்டார்கள். நாம் இங்கே எடுத்துக்கொள்ளப்போவது வேறொரு கேள்வி. ஷா மேடையேற்றிய அறிவியல் எவ்வளவு தூரம் சரி? நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் அதைப் படிக்கும் நாம் எதனை ஏற்பது, எதனைத் தள்ளுவது?

இது வெறும் பொழுதுபோக்குக் கேள்வி அன்று. 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பெருந்தொற்றுக்குப் பிறகு நம் கடைத்தெருக்களைப் பாருங்கள். பொடி, கஷாயம், பானம், பிஸ்கோத்து என்று எதை எடுத்தாலும் 'நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டும்' என்ற வாசகம் அதன்மேல் அச்சிடப்பட்டிருக்கிறது. இவை எல்லாவற்றுக்கும் மூதாதை ஒருவர் ஷாவின் நாடகத்திலேயே நடமாடுகிறார். அவரை அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

நாடகத்தின் கதை

சர் கோலென்சோ ரிட்ஜன் என்னும் மருத்துவர் காசநோய்க்குப் புதியதொரு சிகிச்சை முறையைக் கண்டுபிடித்து, அதற்காகச் 'சர்' பட்டம் பெறுகிறார். பட்டச் செய்தி வெளியான நாளில் நாடகம் தொடங்குகிறது. வாழ்த்துக் கூற வரும் மருத்துவ நண்பர்கள் ஆளுக்கு ஒரு வகை. கட்லர் வால்போல் என்பவர் அறுவை மருத்துவர். எல்லா நோய்க்கும் இரத்தம் நஞ்சாவதே காரணம் என்பது அவர் கட்சி. உடலில் இருப்பதாகத் தாமே நம்பும் ஒரு பையை அறுத்தெடுத்து அவர் பொருள் சேர்க்கிறார். முதியவரான சர் பேட்ரிக் கல்லனோ, இன்று புதுமை எனப்படுவதெல்லாம் தம் இளமையிலேயே வந்து போனவை என்று முணுமுணுப்பவர்.

மூன்றாமவர்தான் நமக்கு முக்கியமானவர். அவர் பெயர் சர் ரால்ஃப் புளூம்ஃபீல்டு பானிங்டன். நண்பர்கள் சுருக்கமாக 'பி.பி.' என்று அழைப்பார்கள். குழைவான குரல், கம்பீரமான தோற்றம், அரச குடும்பத்தின் மருத்துவர் என்ற பெருமை எல்லாம் அவருக்கு உண்டு. எந்த நோயானாலும் அவரிடம் ஒரே வைத்தியம்தான்: விழுங்கணுக்களைத் தூண்டிவிட வேண்டும், மற்றதை அவை பார்த்துக்கொள்ளும்!

ஜெனிஃபர் என்னும் இளம்பெண், காசநோயால் நலியும் தன் கணவன் லூயி டூபெடாவைக் காப்பாற்றும்படி ரிட்ஜனிடம் வந்து மன்றாடுகிறாள். ரிட்ஜனிடம் உள்ள இடமோ பத்து நோயாளிகளுக்குத்தான். முயன்றால் இன்னும் ஒருவரைச் சேர்க்கலாம். டூபெடா உயர்ந்த ஓவியன். ஆனால் கடன் வாங்கி ஏமாற்றுவதும் பெண்களை வஞ்சிப்பதும் அவனுக்கு இயல்பு. அதே சமயத்தில் பிளெங்கின்சாப் என்ற ஏழை மருத்துவருக்கும் காசநோய் எனத் தெரிகிறது. அவரோ நேர்மையானவர், ஆனால் தனித்திறமை ஏதும் இல்லாதவர். யாரைக் காப்பாற்றுவது? அதுதான் தர்மசங்கடம். போதாக்குறைக்கு ரிட்ஜனுக்கு ஜெனிஃபர் மீது காதலும் உண்டாகிவிடுகிறது.

ரிட்ஜன் நேர்மையான மருத்துவரைத் தம்மிடம் வைத்துக்கொண்டு, ஓவியனைப் பி.பி.யிடம் ஒப்படைத்துவிடுகிறார். பி.பி. அதே மருந்தைச் செலுத்துகிறார். ஓவியன் விரைவில் இறந்துபோகிறான். ரிட்ஜன் நினைத்ததும் நடக்கவில்லை. இறுதிக் காட்சியில், ஜெனிஃபர் ஏற்கெனவே வேறொருவரை மணந்துகொண்டுவிட்டாள் என்பது அவருக்குத் தெரியவருகிறது.

கதைக்குக் கருவான அறிவியல்

ஒரே மருந்து ஒருவர் கையில் உயிர் காப்பதும் மற்றவர் கையில் உயிர் போக்குவதும் எப்படி? இதைப் புரிந்துகொள்ள, அந்நாளைய ஆராய்ச்சிகளைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

1882ஆம் ஆண்டு இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள மெசினா நகரில் தங்கியிருந்த ரஷ்ய விலங்கியல் அறிஞர் இலியா மெச்னிகாஃப், கண்ணாடி போன்ற உடலுடைய நட்சத்திர மீனின் இளம் உயிரியில் முட்களைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை நுண்ணோக்கியில் பார்த்தபோது, நகரும் உயிரணுக்கள் அம்முட்களைச் சூழ்ந்துகொண்டிருந்தன. நம் காலில் முள் தைத்தால் அவ்விடம் வீங்கிச் சீழ் பிடிக்கிறதே, அதுவும் இதே நிகழ்ச்சிதான் என்று அவர் ஊகித்தார். உடலுக்குள் புகும் கிருமிகளைத் தேடிச் சென்று விழுங்கும் அணுக்கள் இருக்கின்றன என்பதே அவர் கண்டுபிடிப்பு. அவற்றைத்தான் விழுங்கணுக்கள் என்கிறோம். இதற்காக 1908ஆம் ஆண்டின் நோபல் பரிசை ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக்குடன் அவர் பகிர்ந்துகொண்டார்.

கிருமியை அழிப்பது அணுக்களா, அல்லது இரத்தத்தின் திரவப் பகுதியான சீரத்திலுள்ள பொருள்களா என்று அக்காலத்தில் பெரிய வாதம் நடந்தது. அதற்கு ஒரு பாலம் அமைத்தவர் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையைச் சேர்ந்த ஆல்ம்ராத் ரைட். அவரும் ஸ்டூவர்ட் டக்ளஸும் 1903ஆம் ஆண்டு ஓர் அழகான சோதனையை வெளியிட்டனர். சீரம் முழுவதையும் கழுவி நீக்கிய வெள்ளணுக்களிடம் கிருமிகளைக் கொடுத்தால், அவை ஏறிட்டும் பார்ப்பதில்லை எனலாம். சீரத்தைச் சேர்த்தால் ஆவலோடு விழுங்குகின்றன. சரி, சீரம் யாரை மாற்றியது? உண்பவரையா, உணவையா? கிருமிகளைச் சீரத்தில் முதலில் ஊறவைத்து, பிறகு சூடாக்கிச் சீரத்தின் ஆற்றலைப் போக்கிவிட்டு வெள்ளணுக்களிடம் கொடுத்தார்கள். அப்போதும் அவை விழுங்கின! ஆகவே சீரம் மாற்றியது வெள்ளணுவை அன்று, கிருமியைத்தான்.

இந்தப் பொருளுக்கு 'ஆப்சோனின்' என்று ரைட் பெயரிட்டார். கிரேக்க மொழியில் 'ஆப்ஸன்' என்றால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கறி. நம் தென்மாவட்டங்களில் 'வெஞ்சனம்' என்கிறார்களே, அதுதான்! வெறுஞ்சோறு இறங்காதவனுக்கு வெஞ்சனம் எப்படியோ, அப்படி வெள்ளணுவுக்கு ஆப்சோனின். இன்று அதன் உட்பொருளையும் அறிவோம். கிருமியின் மேல் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள்களும், 'காம்ப்ளிமென்ட்' எனப்படும் புரதங்களுமே ஆப்சோனின்கள். வெள்ளணுவின் மேற்பரப்பில் இவற்றைப் பற்றிக்கொள்ளும் கைப்பிடிகள் உள்ளன.

ஷாவின் ரிட்ஜனுக்கு முன்மாதிரி இந்த ரைட்தான். ரைட்டுக்குச் 'சர்' பட்டம் கிடைத்ததும் அதே 1906ஆம் ஆண்டில்தான். அவருடைய ஆய்வுக்கூடத்தில் ஒருநாள், இன்னும் ஒரு நோயாளியைச் சேர்க்க இடம் உண்டா என்று நடந்த பேச்சிலிருந்துதான் இந்நாடகத்தின் கரு ஷாவுக்குக் கிடைத்தது என்று சொல்வார்கள்.

ஷா வென்ற இடம்

முதலில் ஷாவுக்குரிய பாராட்டைக் கொடுத்துவிடுவோம். ஆப்சோனினைக் கிருமியின் மேல் தடவும் வெண்ணெய்க்கு ஒப்பிட்டு, பாமரனுக்கும் விளங்கும்படி மேடையிலேயே சொல்லிவிடுகிறார் அவர். நம் பாடநூல்கள் பலவற்றில் வெள்ளணுக்கள் 'உடலின் போர்வீரர்கள்' என்ற ஒற்றை வரியோடு நின்றுவிடுகின்றன. போர்வீரன் என்றால் அவனே எதிரியை அறிந்து அவனே தாக்குவான் என்ற எண்ணம் படிப்பவர் மனத்தில் பதிந்துவிடுகிறது. அடையாளம் பூசப்படாத பல கிருமிகளை வெள்ளணு எளிதில் பற்ற முடியாது என்ற நுட்பமான செய்தி விட்டுப்போகிறது. நிமோனியா உண்டாக்கும் பாக்டீரியா வழவழப்பான உறை ஒன்றைப் போர்த்திக்கொண்டு தப்புவது இதனால்தான். ஷாவின் வெண்ணெய், பாடநூலின் போர்வீரனைவிட நல்ல ஆசிரியர்.

அடுத்த வெற்றி பி.பி. என்னும் பாத்திரம். கண்டுபிடிப்பு என்ன சொல்கிறது? சீரம் வேலை செய்வது கிருமியின் மேல்தான் என்கிறது. பி.பி. என்ன சொல்கிறார்? வெள்ளணுவைத் தூண்டு என்கிறார்! கண்டுபிடிப்பைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, அதையே அதன் பெயரால் பரப்புகிறார். அறிவியலின் சொல்லை எடுத்துக்கொண்டு பொருளை விட்டுவிடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சித்திரம் கிடைப்பது அரிது.

நாடகத்தில் பி.பி. தம் அனுபவம் ஒன்றைப் பெருமையுடன் விவரிக்கிறார். ஒரு நோயாளிக்கு டைஃபாய்டு, மற்றொருவருக்கு ரணஜன்னி. மருந்துக் குழாய்கள் இடம் மாறிப்போனதால், டைஃபாய்டுக்காரருக்கு ரணஜன்னி மருந்தையும் ரணஜன்னிக்காரருக்கு டைஃபாய்டு மருந்தையும் செலுத்திவிட்டாராம். இருவரும் பிழைத்துக்கொண்டார்களாம்! ஆகவே எந்த மருந்தானாலும் ஒன்றுதான் என்பது அவர் முடிவு. நீங்கள் சிரிப்பீர்கள். ஆனால் சற்றே எண்ணிப் பாருங்கள். 'இந்தப் பொடியைச் சாப்பிட்டேன், காய்ச்சல் விட்டது' என்று நாம் சொல்லும்போது நம் தர்க்கம் பி.பி.யின் தர்க்கத்திலிருந்து எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது? தானாகவே விடக்கூடிய காய்ச்சல் விட்டதற்கும், பொடிக்கும் என்ன தொடர்பு என்று நாம் கேட்டோமா?

மூன்றாவதாக, காலம் பற்றிய கருத்து. தடுப்பு மருந்தைச் செலுத்தியவுடன் இரத்தத்தின் ஆப்சோனின் ஆற்றல் முதலில் சற்றுத் தாழ்ந்து பின்னரே உயரும் என்றார் ரைட். தாழ்ந்திருக்கும் வேளையில் மீண்டும் செலுத்தினால் தீங்கு என்பதும் அவர் கருத்து. நாடகத்தின் முடிச்சே இதுதான். உடலின் எதிர்ப்பு என்பது தண்ணீர்க் குழாயைத் திறப்பதுபோல் நினைத்தபோதெல்லாம் கூட்டக்கூடியது அன்று. அதற்கு ஏற்றமும் இறக்கமும் உண்டு என்று மக்கள் அரங்கில் சொன்னது ஷாவின் துணிவு.

ஷா தவறிய இடம்

இனிக் குறைகளைப் பார்ப்போம்.

முதற்குறை, எல்லா மருத்துவர்களையும் கிண்டல் செய்த ஷா, ரிட்ஜனின் முறையை மட்டும் சோதிக்காமலே நம்பிவிட்டார் என்பது. நாடகத்தில் ரிட்ஜன் கைக்கு வந்தவர்கள் பிழைக்கிறார்கள். அதை யாரும் ஐயுறுவதில்லை. உண்மையில் நடந்தது என்ன? நோயாளியின் சீரத்தில் ஒரு வெள்ளணு எத்தனை கிருமிகளை விழுங்குகிறது, நலமானவரின் சீரத்தில் எத்தனை விழுங்குகிறது என்று நுண்ணோக்கியில் எண்ணி, இரண்டுக்குமுள்ள விகிதத்தை 'ஆப்சோனின் எண்' என்றார்கள். இந்த எண்ணிக்கைக்கு மிகுந்த உழைப்பு வேண்டும். எண்ணுபவர் மாறினால் விடையும் மாறும். காலப்போக்கில் இம்முறை கைவிடப்பட்டது. காசநோயை அதனால் வெல்ல முடியவில்லை. பி.பி.யின் குருட்டு நம்பிக்கையைக் கேலி செய்த நாடகமே, ரிட்ஜனின் எண்ணின் மேல் அதே நம்பிக்கையை வைத்துவிட்டது.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. விழுங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று ரிட்ஜன், பி.பி. இருவருமே எண்ணுகிறார்கள். அந்நாளைய அறிஞர்கள் பலருக்கும் அவ்வெண்ணம் இருந்தது. அது சரிதானா?

நம் இரத்தத்தின் ஒரு கன மில்லிமீட்டரில் ஏறத்தாழ 4,000 முதல் 11,000 வரை வெள்ளணுக்கள் உண்டு. பெரியவர்களில் இவற்றுள் பாதிக்கு மேற்பட்டவை பெரும்பாலும் 'நியூட்ரோஃபில்' என்னும் வகையைச் சேர்ந்தவை. நம் எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்குப் பத்தாயிரம் கோடி அளவில் இவற்றை உற்பத்தி செய்கிறது. காயத்தில் கிருமி புகுந்ததும் முதலில் வந்து குவிபவை இவையே. நாம் பிதுக்கி எடுக்கும் சீழ் பெரும்பாலும் இறந்துபோன நியூட்ரோஃபில்களே.

நியூட்ரோஃபில் ஒரு பாக்டீரியாவை விழுங்கியதும் அது ஒரு சிறு பைக்குள் அடைபடுகிறது. உடனே அணுவுக்குள்ளிருக்கும் நச்சுப் பொதிகள் அப்பையோடு வந்து இணைந்து, புரதங்களைச் சிதைக்கும் நொதிகளைக் கொட்டுகின்றன. அதே வேளையில் பையின் சுவரிலுள்ள ஒரு நொதி, ஆக்சிஜனைக் கொடிய வடிவங்களாக மாற்றுகிறது. அவற்றிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், வெளுப்புநீரில் உள்ளதைப் போன்ற ஹைப்போகுளோரஸ் அமிலமும் உண்டாகின்றன. நாம் குளியலறையைக் கழுவப் பயன்படுத்தும் வேதிப்பொருளின் உறவினரை நம் அணுக்கள் கண்ணுக்குத் தெரியாத பைகளுக்குள் தாமே தயாரித்துக்கொள்கின்றன!

அந்த நொதி இல்லாமற்போனால்? அப்படிப் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளணுக்கள் குறைவில்லை. அவை கிருமிகளைத் தேடிச் செல்வதிலும் விழுங்குவதிலும் குறைவில்லை. இருந்தும் அக்குழந்தைகளுக்கு மீண்டும் மீண்டும் கட்டிகளும் கடுந்தொற்றுகளும் வருகின்றன. 1960களில் இதன் காரணம் துலங்கியது. அவர்களுடைய வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. ஆனால் விழுங்கிய பல கிருமிகளைக் கொல்ல முடிவதில்லை. விழுங்குவது வேறு, கொல்வது வேறு என்பதை அறிவியல் இக்குழந்தைகளிடமிருந்துதான் தெளிவாகக் கற்றுக்கொண்டது. இவர்களிடம் பி.பி. வந்து விழுங்கணுக்களைத் தூண்டினால் என்ன பயன்?

தவறான நோய்

இப்போது நாடகத்தின் மிகப்பெரிய முரணுக்கு வருவோம். விழுங்கணுவின் புகழ் பாட ஷா தேர்ந்தெடுத்த நோய் காசநோய். விழுங்கணுவை ஏமாற்றுவதில் கைதேர்ந்த பாக்டீரியா எது என்று கேட்டால், காசநோய்க் கிருமியையே முதல் வரிசையில் வைக்க வேண்டும்!

காசநோயாளி இருமும்போது வெளிப்படும் நுண்திவலைகள் மற்றவரின் நுரையீரலுக்குள் செல்கின்றன. அங்கே காவல் காக்கும் 'மாக்ரோஃபேஜ்' என்னும் பெரிய விழுங்கணு கிருமியை உடனே விழுங்கிவிடுகிறது. ஆனால் கிருமி அங்கேயே குடித்தனம் நடத்தத் தொடங்குகிறது. 1971ஆம் ஆண்டு லண்டனில் ஆம்ஸ்ட்ராங், டார்சி ஹார்ட் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் மின்னணு நுண்ணோக்கியில் இதைக் கண்டார்கள். உயிருள்ள காசநோய்க் கிருமி அடைபட்ட பையோடு நச்சுப் பொதிகள் பெரும்பாலும் இணைவதே இல்லை. கிருமி அதைத் தடுத்துவிடுகிறது.

அவர்கள் அத்துடன் நிற்கவில்லை. 1975இல் வெளியிட்ட சோதனையில், கிருமிகளின் மேல் முதலில் எதிர்ப்பொருளைப் பூசி, பிறகு விழுங்கணுக்களிடம் கொடுத்தார்கள். ரிட்ஜனின் வெண்ணெய் தடவப்பட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இம்முறை நச்சுப் பொதிகள் வந்து இணைந்தன. ஆனால் கிருமிகள்? அவை அப்போதும் சாகவில்லை. மேடையில் அறுபத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் ரிட்ஜன் அளித்த வாக்குறுதிக்குச் சோதனைக்கூடம் கொடுத்த பதில் இது.

அப்படியானால் காசநோய்க் கிருமி உடலில் புகுந்தவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வராமல் இருப்பது ஏன்? இங்கேதான் ஷாவின் மேடைக்கு வராத பாத்திரம் ஒன்று தேவைப்படுகிறது. அதுதான் லிம்ஃபோசைட் என்னும் சிறிய வெள்ளணு. 1906இல் அதன் வேலை என்னவென்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஷாவைக் குறை கூற இயலாது. அரை நூற்றாண்டுக்குப் பின்னரே அதன் பெருமை வெளிப்பட்டது. அதில் டி-அணு எனப்படும் ஒரு வகை, குறிப்பிட்ட கிருமியை இனங்கண்டு, இன்டர்ஃபெரான் காமா என்னும் சமிக்ஞைப் பொருளைச் சுரந்து, விழுங்கணுவுக்குப் புது வலிமை தருகிறது. அவ்வாறு வலுவூட்டப்பட்ட அணுக்கள் கிருமியைச் சுற்றிக் கோட்டை போல் குவிந்து அதை அடக்கி வைக்கின்றன. எச்.ஐ.வி. தொற்று டி-அணுக்களை அழிக்கும்போது, அடங்கிக் கிடந்த காசநோய் தலைதூக்குவது இதனால்தான்.

பார்த்தீர்களா, பி.பி. சொன்ன 'தூண்டுதல்' உண்மையிலேயே உண்டு. ஆனால் அதைச் செய்வது பொதுவான சத்துமருந்து அன்று. இந்தக் கிருமியை அறிந்த இந்த அணு, இந்த இடத்தில், இந்த அளவில் செய்கிறது. அளவு மீறினால் தீங்கும் அதனாலேயே வரும். காசநோயில் நுரையீரல் குழிவிழுந்து போவதற்குக் கிருமியைவிட நம் எதிர்ப்பின் சீற்றமே பெரிதும் காரணம். 1890இல் ராபர்ட் காக் 'டியூபர்குலின்' என்ற பொருளைக் காசநோய் மருந்தாக அறிவித்தபோது, அதைப் போட்டுக்கொண்ட பலருக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. சிலர் மாண்டும் போயினர். உடலின் எதிர்ப்பைக் கூட்டியதன் விளைவு அது. மாறாக, மூட்டுவாத நோய்க்காக எதிர்ப்பின் ஒரு சமிக்ஞையை அடக்கும் மருந்து பெற்ற சிலரிடம் மறைந்திருந்த காசநோய் வெளிப்பட்டது என்று 2001இல் மருத்துவ உலகம் அறிந்தது. கூடினாலும் கேடு, குறைந்தாலும் கேடு. இதில் எங்கே இருக்கிறது, 'கூட்டும்' என்ற ஒற்றைச் சொல்லுக்கு இடம்?

தர்மசங்கடம் தீர்ந்தது எப்படி?

பத்துப் படுக்கைகள், பதினொன்றாவது ஆள் யார் என்ற கேள்விக்கு ஷா விடை சொல்லவில்லை. விடை வேறு வழியில் வந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், அதைத் தொடர்ந்து வேறு மருந்துகளும் கிடைத்தன. கிருமியை நேரே தாக்கும் மருந்துகள் இவை. ரைட்டின் ஆய்வுக்கூடத்தில் 1906இல் சேர்ந்த இளைஞர் அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1928இல் கண்டறிந்த பெனிசிலின் காசநோய்க் கிருமியிடம் பலிக்கவில்லை என்றாலும், அவ்வகை மருந்துகளைத் தேடும் வழியைத் திறந்துவிட்டது அதுவே.

மருந்து வந்தும் படுக்கைகள் போதவில்லை. காசநோயாளி சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஓய்வாக இருந்தால்தான் குணமாவார் என்பது அந்நாளைய நம்பிக்கை. இதைச் சோதித்துப் பார்த்தது நம் சென்னை நகரம். 1956இல் இங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நகரின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினருக்குச் சானடோரியத்திலும், மற்றொரு பகுதியினருக்கு அவரவர் வீட்டிலுமாக ஒரே மருந்துகளை ஓராண்டு கொடுத்து ஒப்பிட்டது. 1959இல் முடிவு வெளியாயிற்று. நெருக்கடியான வீடுகளில், குறைந்த உணவும் குறைந்த ஓய்வுமாக இருந்தவர்களும், சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ நிகராகவே குணமடைந்தார்கள். அவர்கள் வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகப் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்களின் தேவை குறையத் தொடங்கியதற்கு இந்த ஆய்வு ஒரு முக்கிய காரணம். ரிட்ஜனின் தர்மசங்கடம் தீர்ந்தது, தகுதியான மனிதனைத் தேர்ந்தெடுத்ததால் அன்று. தேர்ந்தெடுக்க வேண்டிய தேவையே இல்லாமற்போனதால்.

இதிலிருந்து உணவு முக்கியமில்லை என்று எண்ணிவிடாதீர்கள். நோய் வந்தபின் குணமாக்குவது மருந்து. நோய் வராமல் காப்பதில் உணவுக்குப் பெரும் பங்கு உண்டு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்கு மாதந்தோறும் அரிசியும் பருப்பும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. எதிர்ப்பாற்றலைக் கூட்டும் பொருள் எதுவென்று கேட்பவர்களுக்கு, வயிறார உண்ணும் சோறும் பருப்பும் என்றே முதலில் பதில் சொல்லலாம்.

முடிவாக

ஷா தம் நாடகத்துக்கு 1911இல் நீண்டதொரு முன்னுரை எழுதி வெளியிட்டார். அதில் மருத்துவத் தொழிலின் பணத்தாசையை அவர் தோலுரித்துக் காட்டியது இன்றும் பொருந்தும். ஆனால் அவருடைய ஐயம் சில இடங்களில் எல்லை மீறியது. 1881இல் தாமே பெரியம்மையால் தாக்கப்பட்டவராயினும், அம்மைத் தடுப்பூசியை அவர் வாழ்நாள் முழுவதும் எதிர்த்தார். அந்தத் தடுப்பூசியாலேயே பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்தது என்று 1980இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே மருத்துவரைப் பற்றி ஷா சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். மருந்தைப் பற்றி அவர் சொல்வதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இக்குறைகளைக் காட்டுவதால் நாடகத்தைப் படிக்க வேண்டாம் என்று சொல்வதாகக் கொள்ளாதீர்கள். மாணவர்கள் அவசியம் படிக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஓர் அறிவியல் கண்டுபிடிப்பு எவ்வளவு விரைவில் வெற்று முழக்கமாகத் தேய்ந்துபோகிறது என்பதை ஷாவைப்போல் காட்டியவர் இல்லை. அம்முழக்கத்துக்கு அவரே ஓரளவு இரையானார் என்பது, நம்மை மேலும் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறது.

இனி எதிர்ப்பாற்றலைக் கூட்டுவதாக யாரேனும் உங்களிடம் சொன்னால் மூன்று கேள்விகள் கேளுங்கள். எந்த அணுவை? எந்தக் கிருமிக்கு எதிராக? கூடியது என்று எப்படி அளந்தீர்கள்? பி.பி.யிடம் இவற்றுக்கு விடை இருக்காது. நம் ஊர்களில் காசநோய் மருந்தைத் தொடங்கிய சிலர், இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் மாத்திரையை விட்டுவிட்டுச் சத்துப்பொடிக்கு மாறிவிடுகிறார்கள். அப்போது அவர்களுடைய விழுங்கணுக்களின் வயிற்றுக்குள்ளேயே எஞ்சிய கிருமிகள் உயிரோடிருக்கக்கூடும் என்பதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டும். மருத்துவர் சொன்ன கடைசி நாள் வரை மாத்திரையை விடாமல் உட்கொள்ளச் சொல்லுங்கள். விழுங்குவதோடு வேலை முடிவதில்லை என்பது வெள்ளணுக்கள் நமக்குக் கற்பித்த பாடம்.